மருத்துவமனை அறைகளில் புற ஊதாக் கதிர்க் கிருமிநீக்கம்

மருத்துவமனை அறையின் காற்றிலும் பரப்புகளிலும் உள்ள நுண்ணுயிர்களைப் புற ஊதா ஒளியால் செயலிழக்கச் செய்யும் முறை இது. இதற்குப் பயன்படுவது 200 முதல் 280 நானோமீட்டர் வரையிலான அலைநீளம் கொண்ட 'யூவி-சி' பகுதி. சூரியனிலிருந்து வரும் இந்தக் கதிரை வளிமண்டலமே தடுத்துவிடுவதால், விளக்கில்தான் இதை உண்டாக்க வேண்டும். குறைந்த அழுத்தப் பாதரச ஆவி விளக்கு உமிழும் 254 நானோமீட்டர் கதிர் பட்டால், டி.என்.ஏ.வில் அடுத்தடுத்து இருக்கும் தைமின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்துகொள்கின்றன. அதன்பின் அந்தக் கிருமியால் பெருக முடிவதில்லை.

ஒளி பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்பதை 1877இல் இங்கிலாந்தின் ஆர்தர் டவுன்ஸும் தாமஸ் பிளண்டும் காட்டினர். தோல் காசநோய்க்கு ஒளிச் சிகிச்சை அளித்த டென்மார்க் மருத்துவர் நீல்ஸ் ஃபின்சன் 1903இல் நோபல் பரிசு பெற்றார். கிருமியைக் கொல்லும் அலைநீளங்கள் டி.என்.ஏ. போன்ற நியூக்ளிக் அமிலங்கள் உறிஞ்சும் அலைநீளங்களோடு ஒத்துப்போவதை ஃபிரெடரிக் கேட்ஸ் 1930 வாக்கில் கண்டறிந்தார். மரபுப்பொருள் எது என்று உலகம் அறியாத காலத்தில் கிடைத்த அரிய தடயம் அது.

மருத்துவமனைக்குள் இந்த விளக்கைத் துணிந்து கொண்டுவந்தவர் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக அறுவை மருத்துவர் டெரில் ஹார்ட். சுத்தமாகச் செய்த அறுவைகளிலும் புண் சீழ் பிடித்ததற்கு, அரங்கின் காற்றில் மிதக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியாதான் காரணம் என்று கருதினார். 1936இல் அறுவை மேசைக்கு மேலே விளக்குகளை எரியவிட்டே அறுவை செய்தார். உடனிருந்தோர் கண்ணையும் தோலையும் மூடிக்கொண்டு பணியாற்றினர். தொற்று வெகுவாகக் குறைந்ததாக அவர் அறிவித்தார். ஆனால் 5 மருத்துவமனைகளில் நடந்து 1964இல் வெளியான பெரிய ஆய்வில், மொத்தத் தொற்று விகிதம் குறையவில்லை. மிகத் தூய்மையான அறுவைகளில் மட்டுமே சிறிது பலன் தெரிந்தது. ஆன்டிபயாடிக் மருந்துகளின் மீது நம்பிக்கை ஓங்கியிருந்த காலம் அது. விளக்குகள் மெல்ல அணைந்தன.

காற்றைப் பற்றிய கேள்வி மட்டும் அணையவில்லை. தட்டம்மை காற்றில் பரவுகிறது என்று கருதிய அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் வெல்ஸ், ஃபிலடெல்பியா பகுதிப் பள்ளிகளில் விளக்குகளைப் பொருத்திப் பார்த்தவர். பின்னர் மருத்துவர் ரிச்சர்ட் ரைலியுடன் சேர்ந்து, 1950களின் பிற்பகுதியில் பால்டிமோரில் காசநோய் வார்டின் காற்றைக் குழாய் வழியே மேல்தளத்துக்குக் கொண்டுசென்றார். அங்கே கூண்டுகளில் கினிப் பன்றிகள் இருந்தன. வார்டுக் காற்றை அப்படியே சுவாசித்தவற்றில் சிலவற்றுக்குக் காசநோய் தொற்றியது. புற ஊதாக் கதிர் பட்ட காற்றைச் சுவாசித்தவற்றில் ஒன்றுக்கும் தொற்றவில்லை. காசநோய் காற்றில் பரவுவதையும் அதைத் தடுக்கும் வழியையும் சேர்த்தே நிறுவிய இந்தச் சோதனை, இத்துறையின் உச்சம் எனலாம். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் தலைதூக்கியபோது உலகம் இதற்கே திரும்பி வந்தது. பெருவின் லிமா நகரில் இதே முறையில் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், கதிர் படாத காற்றைச் சுவாசித்த கினிப் பன்றிகளில் 35 விழுக்காட்டுக்குத் தொற்று ஏற்பட்டது. அறையின் மேற்பகுதியில் விளக்கு எரிந்தபோது அது 10 விழுக்காட்டுக்கும் குறைவு.

நோயாளி வெளியேறிய அறைக்குள் உருட்டிச் சென்று வைக்கும் விளக்குக் கோபுரங்களும், தானே நகரும் ரோபோக்களும் இந்த நூற்றாண்டில் பரவின. 9 அமெரிக்க மருத்துவமனைகளில் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், வழக்கமான கிருமிநாசினியோடு கதிரையும் சேர்த்தபோது, அடுத்து அந்த அறைக்கு வந்தோருக்கு மருந்தெதிர்ப்புக் கிருமிகள் தொற்றுவது சுமார் 30 விழுக்காடு குறைந்தது. குளோரின் கரைசலால் துடைத்த அறைகளில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் பாக்டீரியாவுக்கு எதிராகக் கதிரால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. கொரோனாக் காலத்தில் இந்தியாவின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வும் இவ்வகைக் கோபுரம் ஒன்றை உருவாக்கியது.

விற்பனை விளம்பரங்கள் சொல்லாத வரம்புகள் உண்டு. கட்டிலின் அடிப்புறம், திரையின் மடிப்பு போன்ற நிழல் விழும் இடங்களில் இந்தக் கதிர் வேலை செய்யாது. தூசியும் காய்ந்த இரத்தமும் கிருமிக்குக் கவசமாகிவிடும். எனவே துடைப்பவரின் வேலைக்கு இது துணையே தவிர, மாற்று ஆகாது. தொலைவு கூடக்கூட வீரியம் விரைந்து குறையும். கண்ணிலோ தோலிலோ பட்டால் கடும் எரிச்சலும் வலியும் உண்டாகும் என்பதால் ஆள் இருக்கும்போது கோபுரத்தை இயக்கக் கூடாது. இந்தத் தடையைக் கடக்க, தோலின் இறந்த மேலடுக்கைத் தாண்டி ஊடுருவாத 222 நானோமீட்டர் கதிரைக் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டேவிட் பிரென்னர் குழுவினர் ஆராய்ந்துவருகின்றனர்.