அழகிய கடனும் கணக்கேடும்

புதுச்சேரி பாரதி பூங்காவின் அருகே யூகோ வங்கி இயங்கும் பழைய கட்டடத்தை நாம் பலமுறை கடந்து சென்றிருப்போம். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் அங்கே இருந்தது இந்தோசீன வங்கி. 1875-இல் பாரிஸில் தொடங்கப்பட்ட அவ்வங்கி, இங்கு புழங்கிய ரூபாய் நோட்டுகளையும் வெளியிட்டது. ஆனால் அது பெருவணிகத்திற்காக எழுந்த வங்கி. சிறுகடைக்காரரும் கூலித் தொழிலாளரும் அவசரத்திற்கு அடகுக் கடையையே நாடினர்.

இன்றும் நிலை பெரிதாக மாறிவிடவில்லை. நம் மதரஸாவில் ஓதும் ஒரு பிள்ளையின் தாயார், பள்ளிக் கட்டணத்திற்காகத் தம் காதணியை அடகு வைத்தார். அதன் வட்டியைக் கட்ட இன்னொரு கடன் வாங்கினார். வட்டி ஹராம் என்று அவருக்கு நாம் எடுத்துரைக்கலாம். "அப்படியானால் நான் எங்கே போவது, ஹஜ்ரத்?" என்று அவர் கேட்டால் நம்மிடம் என்ன பதில் இருக்கிறது?

இக்கேள்விக்கு வரலாற்றில் விடை கண்டவர்கள் உண்டு. தென் தமிழகத்து நாடார் சமூகத்தார் ஆலய நுழைவும் மறுக்கப்பட்டு ஒடுக்கப்பட்டவர்கள். அவர்கள் வணிகத்தில் சிறு பங்கை 'மகமை' என்று ஒதுக்கிப் பொதுநிதி சேர்த்துப் பழகியவர்கள். அந்தப் பழக்கமுள்ள சமூகம் 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியைத் தொடங்கியது. 1962 முதல் அதன் பெயர் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. அது வட்டி வங்கியே, அவ்வழி நமக்குரியதன்று. எனினும் சிறுதொகைகளைச் சேர்த்து நிறுவனமாக்கிய அந்த ஒற்றுமை நமக்குப் பாடமாகும்.

வட்டியின்றி அதைச் செய்து காட்டியோரும் உள்ளனர். உத்தரப்பிரதேசத்தின் தேவ்பந்தில் 1961-இல் முஸ்லிம் ஃபண்ட் தோன்றியது. மக்கள் வட்டி எதிர்பாராமல் தம் சேமிப்பை அதில் வைப்பர். தேவையுள்ளோர் நகையை ஈடாக வைத்து வட்டியில்லாக் கடன் பெறுவர். அலுவலகச் செலவுக்காகச் சிறு கட்டணம் மட்டும் பெறப்படும். 1966-இல் ஹைதராபாத்தில் தூர் பைத்துல்மால் எழுந்தது.

மறுபக்கத்தையும் நாம் மறைக்கலாகாது. 2019-இல் பெங்களூருவில், 'ஹலால் முதலீடு' என்ற பெயரில் பல்லாயிரம் முஸ்லிம் குடும்பங்களிடம் பணம் திரட்டிய நிறுவனம் ஒன்று சரிந்தது. பலர் தம் வாழ்நாள் சேமிப்பை இழந்தனர். தாடியையும் ஸலாமையும் கண்டு நம்பியோர் கணக்கைக் கேட்கவில்லை.

குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது? தொழுகையைப் பற்றியோ நோன்பைப் பற்றியோ அன்று. கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியது. அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம், எழுத்தரும் சாட்சிகளும் வைத்துக் கடனைப் பதிவு செய்யக் கட்டளையிடுகிறது. அதற்கு முன்னே 280-ஆம் வசனம், இயலாத கடனாளிக்கு அவகாசம் தரச் சொல்கிறது. இரக்கமும் கணக்கும் அங்கே அருகருகே நிற்கின்றன.

எனவே நம் மஹல்லாக்களில் 'கர்ழன் ஹஸனா' எனும் அழகிய கடனுக்கான நிதியை உருவாக்க விரும்புவோர் முதலில் கணக்கேட்டைத் திறக்கட்டும். பதிவின்றிப் பொதுமக்களிடம் வைப்புத்தொகை திரட்டுவதை 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. ஆகவே கூட்டுறவுச் சங்கமாக முறைப்படி பதிவு செய்யட்டும். வரவு செலவை ஆண்டுதோறும் தணிக்கை செய்து, ஜும்ஆவுக்குப் பின் ஜமாஅத்தார் முன் படிக்கட்டும். கடன் பெற்றோர் பெயரை மட்டும் மறைத்து அவர்தம் மானத்தைக் காக்கட்டும்.

அந்தத் தாயார் அடுத்த முறை கேட்கும்போது, பள்ளிவாசலின் ஓர் அறையைச் சுட்டிக்காட்டி "அங்கே செல்லுங்கள், அம்மா" என்று சொல்லும் நாளை அல்லாஹ் நமக்கு அருள்வானாக. ஆமீன்.