கல்லிட்ட கரை

சரித்திரப் பேச்சு என்றவுடன் அரசரையும் போரையும் எதிர்பார்க்கும் நேயர்கள் பொறுத்தருள வேண்டும். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் மணல். கரையை நிலையானதொரு கோடாகப் படத்தில் வரையுமாறு பல்லாண்டு மாணவர்க்குக் கற்பித்தவர்களுள் நானும் ஒருவன். அக்கோடு நில்லாது என்பதை ஒலுவில் எனக்குக் கற்பித்தது.

அக்கரைப்பற்றிலிருந்து பாலமுனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என வடக்கே நீளும் எங்கள் கரை பெரும்பாலும் மணற்கரை. சாய்ந்து வந்து மோதும் அலைகள் அம்மணலை ஓயாது நகர்த்துகின்றன. வாடைக்காலத்தில் அது சற்றே திசை மாறினும், ஆண்டுக் கணக்கைக் கூட்டிப் பார்க்குமிடத்து மிகுதி வடக்கு நோக்கியே செல்கின்றது. ஆகவே தெற்கூரின் மணலே வடக்கூருக்குக் கரையாகின்றது. இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு ஆறுகளும் தம் பங்கைக் கொண்டுவந்து சேர்த்தன. 1949 இல் இங்கினியாகலையிலே பட்டிப்பளை ஆற்றை மறிக்கும் வேலை தொடங்கிற்று. அணை எங்கள் வயல்களுக்கு நீர் தந்தது. மேட்டு நிலத்து மணலோ அணையின் பின்னே தங்கிற்று.

கடலுக்குட் கல்லை நீட்டினால் யாது நிகழும் என்பதைத் தமிழ் வழங்கும் நாடு முன்னரே கண்டிருக்கின்றது. சென்னைத் துறைமுகம் 1876 இல் கட்டத் தொடங்கப்பெற்றது. அதன் அலைதடுப்புச் சுவர்கள் வடக்கே செல்லும் மணலை மறித்தன. தெற்கே மணல் குவிந்து மெரீனா அகன்றது. வடக்கே இராயபுரமும் திருவொற்றியூரும் கரையை இழந்தன. மெரீனாவிற் காற்று வாங்கியவர்கள், அம்மணல் யாருக்குச் சேரவேண்டியது என்று கேட்டிருப்பார்களா?

நம் நாட்டிற் கரை காக்கும் பணி 1963 இல் கொழும்புத் துறைமுக ஆணைக்குழுவின் கீழ் ஒரு பிரிவிடம் ஒப்படைக்கப்பட்டது. துறைமுகம் கட்டுவோரிடமே கரையின் காவலும் சென்றது ஒரு விந்தைதான்! கடலரிப்பை அக்காலம் பொறியியலாளரின் வேலையாகவே கருதியது. கல் கொட்டுவதே அதற்கு மருந்து. 1978 இல் அப்பணி கடற்றொழில் அமைச்சின் கீழ் வந்தது. பின்னர் 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பேணற் சட்டம் பிறந்தது. உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றரும், தாழ்நீர்க் கோட்டிலிருந்து கடற்பக்கம் 2 கிலோமீற்றரும் கரையோர வலயமாயின. அவ்வலயத்துள் அனுமதிப்பத்திரமின்றி எதனையும் கட்டலாகாது என்றும், வேண்டுமிடத்துச் சூழல் தாக்க மதிப்பீடு செய்விக்கலாம் என்றும் விதி வந்தது. அந்த மதிப்பீட்டறிக்கையைப் பார்வையிட்டு 30 நாளுக்குட் கருத்துரைக்கப் பொதுமக்களுக்கும் இடமளிக்கப்பட்டது. 1986 இல் டென்மார்க்கு நாட்டின் உதவியோடு கடலரிப்பு முகாமைக்கெனப் பெருந்திட்டமொன்றும் வகுக்கப்பட்டது.

அதே டென்மார்க்கின் கடனுதவியோடுதான் ஒலுவில் துறைமுகமும் எழுந்தது. அது 1994 முதல் 2000 வரை துறைமுக அமைச்சராயிருந்த மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்கள் கண்ட கனவு. அக்கனவைக் குறைகூறுவது என் நோக்கமன்று. கப்பல் வந்தால் பிள்ளைகளுக்குத் தொழில் வருமென்று மகிழ்ந்தவர்களுள் நானும் இருந்தேன். 2008 இல் வேலை தொடங்கி, 2013 செப்ரெம்பர் முதலாந் திகதி துறைமுகம் திறக்கப்பட்டது. ஆனால் சென்னையிற் கண்டதே ஈண்டும் நிகழ்ந்தது. சுவர்களின் தெற்கே மணல் குவிந்தது. வடக்கே தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. துறைமுக வாயிலையும் மணல் அடைத்தமையால் கல்முனை மீனவரின் பெரிய படகுகள் உட்புக முடியாது தவித்தன. வாயில் மணலை அகற்றுக என்றனர் மீனவர். அகற்றும் மணலை வேறெங்கும் கொண்டு செல்லாது எம் கரையிலேயே இடுக என்றனர் ஒலுவில் மக்கள். இரண்டும் நியாயமே. இரு சாராரையும் எதிரெதிரே நிறுத்தியதுதான் அந்தக் கல்லின் கொடுமை.

அரிக்கப்பட்ட இடத்திற் பாறைகள் கொட்டப்பட்டன. அவை தமக்குப் பின்னுள்ள நிலத்தைக் காத்தன. ஆயினும் மணற்பசி கொண்ட கடல் அவற்றின் முடிவுக்கு அப்பாலே சென்று அரித்தது. நிந்தவூரும் கல் கேட்டது. மாளிகைக்காட்டிலே ஜனாஸா மையவாடியின் மதிலையே கடல் தீண்டியபோது கல் கேட்காதிருக்க எவரால் முடியும்? வீட்டையும் கபுறையும் இழப்பவனிடம் ஆமையைப் பற்றிப் பேசுவது எளிதன்று. எனினும் பேசத்தான் வேண்டும். சரிந்த மணலிலேதான் ஆமை ஏறி முட்டையிடும். அடம்பன்கொடியும் இராவணன்மீசையும் அங்கேதான் வேரோடி மணலைப் பிடிக்கும். கரைவலை இழுப்பவர்க்கும் கால் ஊன்ற அதுவே இடம். பாறை அடுக்கிய கரையில் ஆமைக்கும் இடமில்லை, வலைக்கும் இடமில்லை.

2011 இல் அச்சட்டம் திருத்தப்பெற்றுக் கரையோர மூலவள முகாமைத்துவத்தையும் தன் பெயரிற் சேர்த்துக்கொண்டது. பெயர் விரிந்தது போலப் பார்வையும் விரிய வேண்டும். கல்லிடும் அனுமதி ஓரூரின் விண்ணப்பமாகவே நோக்கப்படுமாயின், அடுத்த ஊர் அதனை அறிவது தன் கரை உடைந்த பின்னரே. ஒலுவிலில் ஒரு கல் விழுவதற்கு முன் அதன் மதிப்பீட்டறிக்கை நிந்தவூரிலும் காரைதீவிலும் சாய்ந்தமருதிலும் தமிழில் வாசிக்கப்பட வேண்டும். சுவருக்குத் தெற்கே தேங்கும் மணலை ஆண்டுதோறும் வடக்கே எடுத்திடும் செலவு, கட்டுமானச் செலவோடு முதலிலேயே எழுதப்பட வேண்டும். அந்த 30 நாளும் எங்கள் பள்ளிவாசல்களிலும் கோயில்களிலும் பாடசாலைகளிலும் அவ்வறிக்கை விரித்து வைக்கப்படுமாயின், கரைவலைச் சம்மாட்டி முதல் உயர்தர மாணவன் வரை கேட்பதற்குக் கேள்விகள் நிரம்ப உண்டு.