கோவளத்து மாதா கோயில்

தாம்பரத்துல இருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியா கிழக்கே போனா கோவளம். 'டிமான்ட்டி காலனி' படத்துல பேயா காட்டுனாங்களே, அந்தப் பேருக்குச் சொந்தக்காரர் இங்கதான் அடக்கமாகியிருக்கார்.

நெசத்துல ஜான் டிமான்ட்டி போர்ச்சுகீசிய வம்சத்து வியாபாரி. ஆழ்வார்பேட்டை வரைக்கும் சொத்து. இந்த மீனவ ஊர்ல 1808-ல் கார்மேல் மாதா கோயிலைக் கட்டினார். 1821-ல் இறந்தப்போ சொத்தையெல்லாம் மயிலாப்பூர் மறைமாவட்டத்துக்குத் தர்மமா விட்டுட்டுப் போனார். அவருக்குன்னு மிஞ்சினது இந்தக் கோயில்ல ஆறடி.

இதே ஊர்ல நவாப் காலத்துக் கோட்டையும் இருந்துச்சு. 1752-ல் கிளைவ் பிடிச்சார். வெடி வச்சுத் தகர்த்தாங்க. அந்த இடத்துல இப்போ நட்சத்திர ஓட்டல். கோட்டை போயிடுச்சு, கோயில் நிக்குது.

கடல் பார்க்கப் போறவங்க கோயிலையும் எட்டிப் பாருங்க. பிள்ளைங்க பேய்க்கதை கேட்டா, கொடுத்துட்டுப் போன மனுசன் கதையையும் சேர்த்துச் சொல்லுங்க.