ஒன்றுபோல் நடத்துவது சமத்துவமாகுமா?

ஒரே வகுப்பறை, ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் அளித்துவிட்டால் கல்வியில் சமத்துவம் நிலைபெற்றுவிடுமா? இவ்வினாவுக்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உச்சநீதிமன்றம் 1974-ஆம் ஆண்டில் விடை கூறிற்று. அவ்வரலாற்றை இன்று எடுத்துரைக்க விழைகின்றேன்.

கலிபோர்னியா மாநிலத்துச் சான் பிரான்சிஸ்கோ நகரில் சீன மக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே குடியேறினர். 1965-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் பழைய தடைகளைத் தளர்த்தவே, மேலும் பல குடும்பங்கள் வந்து சேர்ந்தன. அவர்தம் மக்கள் அரசுப் பள்ளிகளில் பயின்றனர். வீட்டில் சீனமொழி, வகுப்பிலோ ஆங்கிலம். ஆங்கிலம் அறியாத சீனப் பிள்ளைகள் 2,856 பேர் இருந்தனர் என்றும், அவர்களுள் ஏறத்தாழ 1,000 பேருக்கே தனி ஆங்கிலப் பயிற்சி கிட்டிற்று என்றும் வழக்கேடுகள் கூறுகின்றன. ஏனைய ஏறத்தாழ 1,800 பேருக்கு அத்துணையும் இல்லை.

அம்மாநிலச் சட்டமோ, 6 வயது முதல் 16 வயது வரை பிள்ளைகள் பள்ளிக்கு வந்தே தீரவேண்டும் என்றது. ஆங்கிலத்தில் தேர்ச்சி இல்லார்க்குப் 12-ஆம் வகுப்புச் சான்றிதழ் இல்லை என்றும் விதித்தது. கட்டாயமாக வரவழைத்து, மொழியைக் கற்பிக்காமல் விட்டு, பின்னர் மொழி தெரியவில்லை என்று வாயிலை அடைப்பது நீதியா? 1970-இல் வழக்குத் தொடுக்கப்பட்டது. கீழ்நீதிமன்றங்கள் இரண்டும் பிள்ளைகளின் கோரிக்கையை ஏற்கவில்லை.

உச்சநீதிமன்றம் 1974 ஜனவரி 21-ஆம் நாள் அம்முடிவை மாற்றியது. நீதிபதிகளுள் மாறுபட்டவர் எவருமிலர். நீதிபதி வில்லியம் டக்ளஸ் எழுதிய தீர்ப்பு, 1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தை அடிப்படையாகக் கொண்டது. மொழி விளங்காத பிள்ளைக்கு ஒரே புத்தகத்தை நீட்டுவது சமத்துவமாகாது என்பதே அதன் சாரம். ஆங்கிலத்தைத் தனியே கற்பிக்கலாம். சீனமொழி வழியாகப் பாடம் நடத்தலாம். வேறு வழியும் காணலாம். முறையை நீதிமன்றம் வரையறுக்கவில்லை. வாளா இருத்தல் தகாது என்றே கொண்டது. மொழித்தடையை நீக்கத் தக்க நடவடிக்கை எடுப்பது பள்ளிகளின் கடமை என்று, அவ்வாண்டிலேயே அந்நாட்டுக் காங்கிரஸ் மன்றமும் சட்டம் இயற்றிற்று.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் எனக்குக் கற்பிக்கப்பட்ட விதி. பிள்ளைக்குத் தெரிந்த மொழியை வகுப்புக்கு வெளியே நிறுத்திவிட்டு, தெரியாத மொழியையும் கற்பிக்காதிருந்தால், ஆசிரியன் எங்கிருந்து தொடங்குவான்?

உங்கள் வகுப்பிலும் பிறமொழிக் குடும்பத்துப் பிள்ளை ஒருவன் பேசாது அமர்ந்திருக்கக்கூடும். பேசாதவன் எல்லாம் அறியாதவன் அல்லன். அவனருகே அமர்ந்து நாளைக்கு நான்கு சொற்கள் சொல்லிக்கொடுங்கள். அவன் மொழியில் நான்கு சொற்கள் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு எந்த நீதிமன்றத்தின் ஆணையும் வேண்டுவதில்லை.