1928: அமெரிக்கத் தெற்கின் சிற்றூர்களும் ஒரு கத்தோலிக்க வேட்பாளரும்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் பிரிந்து நின்று தோற்ற பதினோரு தென் மாநிலங்கள், 1880 முதல் 1924 வரை நடந்த பன்னிரண்டு குடியரசுத் தலைவர் தேர்தல்களிலும் ஜனநாயகக் கட்சியின் பக்கமே நின்றன. 1920இல் டென்னசி ஒன்று மட்டும் விலகியது. அடிமைமுறையை ஒழித்த லிங்கனின் குடியரசுக் கட்சி அங்கிருந்த வெள்ளையருக்குப் பகைவரின் கட்சியாகவே தோன்றியதால், வேட்பாளர் யார் என்பதைப் பொருட்படுத்தாமல் வாக்களிப்பது அவர்களிடையே ஒரு குலவழக்கம் போல் நிலைத்துவிட்டிருந்தது. 1928இல் அந்த வழக்கம் உடைந்தது. வர்ஜீனியா, வட கரோலினா, டென்னசி, புளோரிடா, டெக்சஸ் ஆகிய ஐந்து மாநிலங்கள் குடியரசுக் கட்சியின் ஹெர்பர்ட் ஹூவரைத் தேர்ந்தெடுத்தன. டெக்சஸ் அதுவரை ஒருமுறைகூட அக்கட்சிக்கு வாக்களித்ததில்லை. ஜனநாயகக் கட்சி நிறுத்தியிருந்த ஆல்ஃபிரட் ஸ்மித், பெரிய கட்சியொன்றின் சார்பில் அப்பதவிக்குப் போட்டியிட்ட முதல் கத்தோலிக்கர் ஆவார்.

தெற்கின் சிற்றூர்களில் கத்தோலிக்கர் மிக அரிதாகவே வாழ்ந்தனர். பிரெஞ்சு வழியினர் குடியேறிய தென் லூசியானாவையும் சில துறைமுக நகரங்களையும் நீக்கிவிட்டால், பருத்தி விளைந்த உள்நாட்டு வட்டாரங்கள் முழுவதும் பாப்டிஸ்ட், மெதடிஸ்ட் சபைகளின் நிலமாகவே இருந்தன. ஒரு பாதிரியாரையோ கன்னியரையோ வாழ்நாளில் கண்டிராத உழவர்களே அங்கு மிகுதி. ஆகவே அங்கு பரவிய கத்தோலிக்க வெறுப்பு, அண்டை வீட்டாரோடு ஏற்பட்ட பூசலிலிருந்து முளைத்ததன்று. வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டு, அச்சிடப்பட்டு, அஞ்சலில் அனுப்பப்பட்டு, சபை மேடையிலும் தேர்தல் மேடையிலும் மீண்டும் மீண்டும் ஓதப்பட்டு வளர்க்கப்பட்ட அச்சம் அது.

அவ்வளர்ப்பில் ஜார்ஜியாவைச் சேர்ந்த டாம் வாட்சனின் பங்கு பெரிது. 1890களின் தொடக்கத்தில் உழவர்களின் கட்சியாக எழுந்த பாப்புலிஸ்ட் இயக்கத்தின் தலைவராக இருந்தபோது, கடனில் மூழ்கிய வெள்ளை உழவரும் கறுப்பு உழவரும் ஒரே சுரண்டலுக்கு ஆளானவர்கள் என்றும் இருவரும் சேர்ந்து வாக்களித்தாலன்றி மீட்சியில்லை என்றும் துணிந்து பேசியவர் அவர். பண்ணை வீடுகளுக்கே கட்டணமின்றிக் கடிதங்களைக் கொண்டுசேர்க்கும் ஊரக அஞ்சல் சேவைக்கு முதல் நிதி ஒதுக்கீட்டை 1893இல் நாடாளுமன்றத்தில் பெற்றுத்தந்தவரும் அவரே. 1896இல் அச்சேவை நடைமுறைக்கு வந்தது. அவ்வியக்கம் தோற்றுச் சிதறிய பின்னர், 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் வாட்சன் தம் இதழ்களைப் போப்பாண்டவருக்கும் யூதருக்கும் கறுப்பின மக்களுக்கும் எதிரான தொடர் தாக்குதலுக்குத் திருப்பினார். கடன் கொடுத்த வணிகரையும் இரயில் நிறுவனங்களையும் எதிர்த்து எழுந்த உழவரின் நியாயமான சினம், அவற்றோடு எவ்விதத் தொடர்புமில்லாத உரோமாபுரியை நோக்கித் திசைமாற்றப்பட்டது. அவர் முயன்று பெற்றுத்தந்த அதே அஞ்சல் வழியாகத்தான் அந்த இதழ்கள் பண்ணை வீடுகளை எட்டின. மிசூரி மாநிலத்தின் அரோரா என்னும் சிற்றூரிலிருந்து 1911 முதல் வெளிவந்த ‘தி மெனஸ்’ என்னும் கத்தோலிக்க எதிர்ப்பு வார இதழும் சில ஆண்டுகளுக்குள் பத்து இலட்சம் படிகளுக்கு மேல் விற்பனையாயிற்று.

அச்சில் ஏறிய அச்சம் விரைவிலேயே சட்டமாகவும் வாக்காகவும் மாறியது. கன்னியர் மடங்களுக்குள் பெண்கள் சிறைவைக்கப்பட்டிருப்பதாகப் பரப்பப்பட்ட கதைகளை நம்பி, அம்மடங்களைச் சோதனையிட அதிகாரம் தரும் சட்டத்தை ஜார்ஜியா 1915இலும் அலபாமா 1919இலும் இயற்றின. புளோரிடாவில், அலபாமாவிலிருந்து குடிபெயர்ந்த பாப்டிஸ்ட் போதகரான சிட்னி காட்ஸ், 1916இல் ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டார். கட்சி வேட்பாளரைத் தெரிவுசெய்ய உறுப்பினரிடையே நடக்கும் முதனிலைத் தேர்தலில் மறு எண்ணிக்கையின் முடிவில் வாய்ப்பை இழந்த அவர், மதுவிலக்குக் கட்சியின் பெயரில் நின்று வென்றுவிட்டார். நகர அரசியல்வாதிகள் எட்டிப் பார்க்காத மணற்சாலைகளில் ஃபோர்டு காரோட்டிச் சென்று, போப்பின் படையெடுப்பைப் பற்றி எச்சரித்ததோடு, ஏழை வெள்ளையரைக் கட்சி மேலிடம் புறக்கணித்ததையும் அவர் எடுத்துரைத்தார். இரண்டாவது குற்றச்சாட்டு உண்மையானது. உண்மையான குறையோடு கற்பனைப் பகைவனைப் பிணைத்துக் காட்டிய அந்த உத்தியே பின்வந்தோருக்கும் பாடமாக அமைந்தது.

1915ஆம் ஆண்டின் இறுதியில் அட்லாண்டாவுக்கு அருகே ஸ்டோன் மவுண்டனில் புத்துயிர் பெற்ற கூ கிளக்ஸ் கிளான் இயக்கம், கறுப்பின மக்களோடு கத்தோலிக்கரையும் யூதரையும் தன் பகைவர் பட்டியலில் சேர்த்துக்கொண்டு, 1920களில் பல இலட்சம் உறுப்பினர்களைத் திரட்டியது. 1924இல் நியூயார்க்கில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாட்டில், கிளானைப் பெயர் குறிப்பிட்டுக் கண்டிக்கும் தீர்மானம் ஏறக்குறைய ஒரே வாக்கு வேறுபாட்டில் வீழ்ந்தது. ஸ்மித்தை வடபுல நகரங்களும் வில்லியம் மெக்காடூவைத் தெற்கும் மேற்கும் தாங்கிப் பிடித்ததால் எவருக்கும் பெரும்பான்மை கிட்டாமல், 103ஆம் சுற்று வாக்கெடுப்பில்தான் மூன்றாமவர் ஒருவர் வேட்பாளரானார்.

நான்கு ஆண்டுகளுக்குப் பின் ஸ்மித்தை மறுக்கக் கட்சியால் இயலவில்லை. நியூயார்க்கின் வறிய கிழக்குப் பகுதியில் பிறந்து, மீன் சந்தையில் வேலைபார்த்து, நான்கு முறை ஆளுநராகத் தேர்வுபெற்ற அவர்மீது சமயம் பற்றிய ஐயத்தை 1927 ஏப்ரலில் ‘அட்லாண்டிக் மன்த்லி’ இதழில் வழக்கறிஞர் சார்லஸ் மார்ஷல் நாகரிகமான மொழியில் எழுப்பினார். திருச்சபையின் அதிகாரத்தை ஏற்பவர் அரசியலமைப்புக்கு முழுமையாகக் கட்டுப்பட முடியுமா என்ற அக்கேள்விக்கு, திருச்சபையும் அரசும் தனித்தனியே இயங்க வேண்டும் என்பதிலும் எல்லாச் சமயங்களும் சட்டத்தின்முன் நிகர் என்பதிலும் தாம் உறுதியாக இருப்பதாக அடுத்த மாத இதழிலேயே ஸ்மித் விடையளித்தார். ஆயினும் அவ்விடை சென்றடைந்தது நகரத்துப் படிப்பாளிகளையே. சிற்றூர்களுக்குச் சென்றவை வேறு தாள்கள்: கத்தோலிக்கச் சங்கமொன்றின் உறுப்பினர்கள் எடுப்பதாகப் புனையப்பட்ட போலி உறுதிமொழியும், 1927இல் ஹட்சன் ஆற்றின் அடியில் திறக்கப்பட்ட ஹாலந்து சுரங்கப்பாதை வத்திக்கான் வரை நீளப்போகிறது என்ற வதந்தியும்.

தென் மெதடிஸ்ட் சபையின் பேராயர் ஜேம்ஸ் கேனன், கட்சியை விட்டு விலகாமலே ஸ்மித்தைத் தோற்கடிக்க விரும்பிய ஜனநாயகக் கட்சியினரை 1928 ஜூலையில் வட கரோலினாவின் ஆஷ்வில்லில் கூட்டினார். மதுவிலக்கைத் தளர்த்த வேண்டுமென்ற ஸ்மித்தின் நிலைப்பாடே தம் எதிர்ப்புக்குக் காரணம் என்று அவர்கள் கூறினர். மதுவிலக்கு அச்சபைகளின் நெடுநாளைய அறப்போர் என்பதால் அதை வெறும் போர்வை என்று ஒதுக்கிவிடுவது நேர்மையாகாது. ஆனால் மதுவைப் பற்றித் தொடங்கிய உரைகள் மீண்டும் மீண்டும் போப்பிடம் போய் முடிந்ததையும் மறைக்க இயலாது. ஹூவர் தம் ஏற்புரையில் சமயப் பொறையைப் போற்றினார்; அவர் பெயரால் தெற்கில் நடந்த பரப்புரையைத் தடுக்க வலுவாக எதுவும் செய்யவில்லை. செல்வம் பெருகிய அவ்வாண்டில் எந்த ஜனநாயகக் கட்சி வேட்பாளரும் தோற்றிருப்பார் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. நாடு முழுவதற்கும் அது பொருந்தலாம். பருத்தி விலை வீழ்ச்சியால் செழிப்பையே காணாத தெற்கின் சிற்றூர்களுக்கு அவ்விளக்கம் போதாது.

மாநிலங்கள் அனுப்பும் தேர்வாளர்களின் வாக்குகளில் ஹூவர் 444ஐயும் ஸ்மித் 87ஐயும் பெற்றனர். அந்த 87இல் பெரும்பகுதி தென் மாநிலங்களிலிருந்து, அதுவும் தெற்கின் மிக ஆழமான பகுதியிலிருந்து கிடைத்ததுதான் இந்நிகழ்ச்சியின் திறவுகோல். தென் கரோலினா 91 விழுக்காட்டுக்கு மேலும் மிசிசிப்பி 80 விழுக்காட்டுக்கு மேலும் ஒரு கத்தோலிக்கருக்கு வாக்களித்தன. லூசியானா, ஜார்ஜியா, ஆர்கன்சா மாநிலங்களும் அவர் பக்கம் நின்றன. வி. ஓ. கீ என்னும் அரசியல் அறிஞர் 1949இல் வெளியிட்ட ஆய்வில் இதன் காரணத்தை வட்டாரம் வட்டாரமாகப் பிரித்துக் காட்டினார். கறுப்பின மக்கள் செறிந்து வாழ்ந்து, நிலக்கிழாரிடம் வாரத்துக்கு உழுத பெரும்பண்ணைக் கரிசல் வட்டாரங்களில் வெள்ளையர் கட்சிக்கு உண்மையாக இருந்தனர். கறுப்பின மக்கள் குறைவாக இருந்த மலைச்சாரல் வட்டாரங்களில்தான் ஹூவருக்கு வாக்கு பெருகியது. அலபாமாவில் ஏறத்தாழ 7,000 வாக்குகளில் ஸ்மித் தப்பிப் பிழைத்ததும் கரிசல் வட்டாரங்களால்தான்.

இதைச் சமயப் பொறையின் வெற்றியாகக் கொள்வது பெரும்பிழை. வாக்குரிமைக்கு முன்னரே செலுத்த வேண்டிய தலைவரியாலும் எழுத்தறிவுச் சோதனையாலும் கறுப்பின மக்களை வாக்குச்சாவடியிலிருந்து விரட்டியிருந்த அவ்வட்டாரங்களில், வெள்ளையரின் வாக்கு இரு கட்சிகளுக்கிடையே பிளவுபட்டால் அந்த ஆதிக்கமே ஆட்டம்காணும் என்ற அச்சம் போப்பைப் பற்றிய அச்சத்தைவிட ஆழமாக வேரூன்றியிருந்தது. மிசிசிப்பி ஆளுநர் தியோடர் பில்போ, ஹூவர் ஒரு கறுப்பினப் பெண்ணோடு நடனமாடினார் என்ற கதையைப் பரப்பியே ஸ்மித்துக்கு வாக்குச் சேர்த்தார். ஒரு வெறுப்பு இன்னொரு வெறுப்பை வென்றது. வாக்களிக்க இடம்பெறாத இலட்சக்கணக்கான கறுப்பின உழவர்களுக்கு அவ்வெற்றியால் விளைந்த நன்மை எதுவுமில்லை.

மேலவையில் போப்புக்கு எதிராக நாள்கணக்கில் முழங்கிய அலபாமாவின் டாம் ஹெஃப்லின், 1930இல் கட்சியின் முதனிலைத் தேர்தலில் நிற்கத் தடுக்கப்பட்டு, சுயேச்சையாக நின்று தோற்றார். அவர் தண்டிக்கப்பட்டது சமய வெறுப்பைப் பேசியதற்காகவன்று, கட்சியை மீறியதற்காகவே. பெருமந்தம் சூழ்ந்த 1932இல் பதினோரு மாநிலங்களும் பழைய கட்சிக்கே திரும்பிவிட்டதால், எழுப்பப்பட்ட கேள்வி விடை காணாமலே புதைந்தது. 1960இல் ஜான் கென்னடி போட்டியிட்டபோது அது மீண்டும் எழுந்தது. செப்டம்பர் 12 அன்று டெக்சஸின் ஹூஸ்டனில் புரொட்டஸ்டன்ட் போதகர்கள் முன்னிலையில் நேரில் நின்று அவர் விடையளித்தார். ஸ்மித் ஓர் இதழில் எழுதிச் சொன்னதை இவர் தொலைக்காட்சி வழியாகச் சொன்னார். டெக்சஸை அவர் வென்றார். டென்னசி, புளோரிடா, வர்ஜீனியா மூன்றும் மீண்டும் கைவிட்டன. 1928இல் கட்சியைக் காத்த மிசிசிப்பியோ, இம்முறை தன் எட்டுத் தேர்வாளர் வாக்குகளையும் போட்டியிலேயே இல்லாத வர்ஜீனியா செனட்டர் ஹாரி பேர்டுக்கு அளித்தது. அதற்குக் காரணம் கென்னடியின் சமயத்தைக் காட்டிலும், கறுப்பின மக்களின் உரிமைக்காக அவ்வாண்டு அவருடைய கட்சி ஏற்றுக்கொண்ட தேர்தல் அறிக்கையே.