கல்பாக்கம் அணுமின் நிலையமும் 2004 ஆழிப்பேரலையும்

சென்னைக்குத் தெற்கே, வங்காள விரிகுடாக் கரையில் அமைந்தது கல்பாக்கம் அணுமின் நிலையம். தலா 220 மெகாவாற்று வலுவுள்ள இதன் இரு கனநீர் உலைகளில் முதலாவது 1984 இலும் இரண்டாவது 1986 இலும் வணிக உற்பத்தியைத் தொடங்கின. 2004 டிசம்பர் 26 காலை இலங்கையின் கல்முனை, சாய்ந்தமருது முதல் வினாயகபுரம் வரை ஊர்களைச் சிதைத்து, அம்பாறை மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோன அதே கடல்தான் இந்த நிலையத்திலும் ஏறியது.

அன்று இரண்டாம் உலை மட்டும் இயங்கிக்கொண்டிருந்தது. இங்கு குளிர்ச்சிக்கான கடல்நீர், கடலடியில் அரைக் கிலோமீற்றர் அளவு நீளும் சுரங்கவழியாகக் கரையிலுள்ள பம்பி நிலையத்துக்கு வருகிறது. அலை அந்த வழியாலேயே உள்ளே நுழைந்தது. பம்பி நிலையத்தில் நீர் பொங்கியது; பம்பிகள் நின்றன; உலை நிறுத்தப்பட்டது. அவசர டீசல் மின்பிறப்பாக்கிகளை வெள்ளம் எட்டவில்லை. கதிரியக்கம் வெளியேறவில்லை, 2005 ஜனவரி 2 இல் உலை மீண்டும் இயங்கியது. ஆனால் ஊழியர் குடியிருப்பில் பலர் மாண்டனர். அருகே கட்டத் தொடங்கியிருந்த வேக ஈனுலையின் அத்திவாரக் குழியும் கடல்நீரால் நிரம்பியது. உலை தப்பியதைச் சொல்லும்போது இந்த இழப்பையும் சொல்லத்தான் வேண்டும்.

உலையை நிறுத்தியதும் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. அணுப்பிளவு நின்ற கணத்திலும் எரிபொருள் முழு வெப்பவலுவின் 6 முதல் 7 சதவீதத்தை வெளியிடுகிறது. ஒரு நாள் கழிந்தும் அரைச் சதவீதம் அளவு எஞ்சும். அதை அகற்ற நீரும், நீரைச் செலுத்த மின்சாரமும் வேண்டும். ஜப்பானின் புக்குஷிமாவில் 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தின்போது, இயங்கிய உலைகள் ஒழுங்காகவே நின்றன. சுமார் 14 மீற்றர் அலை வந்து நிலக்கீழ்த் தளங்களிலிருந்த மின்பிறப்பாக்கிகளை மூழ்கடித்த பின்பே மூன்று உலைகளின் எரிபொருள் உருகியது. அவற்றுள் முதலாவது 1971 இலிருந்து இயங்கிய உலை. நெடுநாள் ஓடிய உலை என்பதால் அது பாதுகாப்பானதும்தான் என்று கொள்வது தவறு. கர்நாடகத்தின் கைகா முதலாம் உலை 2018 முடிவில் தொடர்ந்து 962 நாள் ஓடி உலக சாதனை படைத்தது. நம்பகத்துக்கு அது நல்ல சான்று, பாதுகாப்புக்குச் சான்று வேறு.

தமிழ்நாட்டின் கூடங்குளத்திலுள்ள 1,000 மெகாவாற்று ரஷ்ய உலைகளில், இத்தகைய ஆபத்தை எதிர்கொள்ள, மின்சாரமின்றி வெளிக்காற்றின் இயற்கை ஓட்டத்தாலேயே எஞ்சிய வெப்பத்தை அகற்றும் ஏற்பாடும், உருகும் எரிபொருளைத் தாங்கும் கலமும் உண்டு. அங்கிருந்து இலங்கையின் கற்பிட்டி ஏறத்தாழ 225 கிலோமீற்றர். கூடங்குளத்தை அடுத்த இடிந்தகரையின் மீனவர்கள் உலைகளின் பாதுகாப்புப் பற்றி 2011 முதல் எழுப்பிய கேள்விகள் கடலுக்கு இக்கரையில் வலை இழுப்பவர்களுக்கும் உரியவை. கதிர்வீச்சு அளவீடுகள் அவர்களுக்கு உடனுக்குடன், தமிழிலும் கிடைக்கவேண்டும்.