வானத்துக் கண்ணும் லயத்துக் கூரையும்

1960 ஏப்ரல் 1-ம் திகதி, அமெரிக்காவின் கேப் கனவரலிலிருந்து ‘டைரோஸ்-1’ என்னும் செய்மதி விண்ணேறியது. இரண்டு தொலைக்காட்சிக் கமராக்களைச் சுமந்த அது, 78 நாட்களில் ஏறத்தாழ 23,000 படங்களை அனுப்பியது. வல்லரசுப் போட்டியிலே பிறந்ததாயினும், புயலின் முழு உருவையும் வானிலிருந்து மனிதகுலத்துக்குக் காட்டிய பெருமை அதனுடையது. மேகத்துக்குத் தேச எல்லை இல்லை என்பதை அப்படங்கள் மெய்ப்பித்தன.

அந்நாளில் சப்ரகமுவ மலைச்சரிவுகளில் உழைத்த தோட்டத் தமிழரின் நிலை யாது? 1948-ம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியிருந்தது. பெருமழை பெய்தால் இறப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டு நடவாது. வெட்டு நின்றால் அன்றைய கூலிக்கும் ஆபத்து. மழையின் வரவை முன்னறியும் தேவை அவர்களைவிட யாருக்கு அதிகம்?

நாடற்ற நிலைக்கு முடிவுகட்டும் சட்டம் 2003-ல் வந்தது. நிலமோ வரவில்லை. 2016 மே 17 அன்று, கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மலை சரிந்து கிராமங்களைப் புதைத்தது. அதே நாளில் புளத்கொஹுபிட்டிய, களுபஹன தோட்டத்து லயத்தையும் மண் மூடிற்று. அம்மழை மேகங்களைச் செய்மதிகள் காணாமல் இல்லை.

மேகத்தைக் காட்டுவது விஞ்ஞானம். சரியும் மலையடியில் யாரைக் குடியிருத்துவது என்று தீர்மானிப்பதோ சமுதாயம். காணி இல்லாதவனிடம் “இவ்விடம் விட்டு நீங்கு” என்றால், அவன் எங்கே போவான்? வகுப்பறையில் டைரோஸின் வரலாற்றைக் கூறும் ஆசிரிய நண்பர்கள் இந்தக் கேள்வியையும் மாணவர் முன் வைப்பார்களாக!